கட்டிலிலிருந்து கதிரைக்கு: இருதய சத்திரசிகிச்சையின் பின் முதியோர் மீண்டெழும் வரலாறு

நோயுற்றவர் படுத்திருக்க வேண்டும் என்பது எம்மவர் இல்லங்களில் எவரும் வினவாத ஒரு விதியாகும். காய்ச்சல் என்றாலும் பாய், பிள்ளைப்பேறு என்றாலும் பாய். சத்திரசிகிச்சை என்றால் சொல்லவே வேண்டியதில்லை. எழுந்து நடமாட முற்படும் பெரியவரைத் தோளைப் பற்றி மீண்டும் படுக்கவைப்பதே பிள்ளைகளின் அன்பு எனக் கருதப்படுகின்றது. இந்த நம்பிக்கையோடு புகலிட நாடுகளின் பெரிய வைத்தியசாலைகளுக்குள் நுழையும் எமது குடும்பங்கள் அங்கே நேர்மாறான காட்சியைக் காண்கின்றன. நெஞ்செலும்பைப் பிளந்து இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட எழுபத்தைந்து வயதுத் தாயார், பெரும்பாலும் மறுநாளே தாதியரின் கைப்பிடியில் கட்டிலை விட்டு இறக்கப்பட்டுக் கதிரையில் அமர்த்தப்படுகின்றார். "வயது போன மனிசியை இப்படி வதைக்கினமே" என்று பிள்ளைகள் கொதிக்கின்றனர்.

இது ஒரு சிலருக்கு மட்டும் உரிய விடயம் அன்று. 1983ஆம் ஆண்டின் பின்னர் இளைஞராய் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் வந்துசேர்ந்தோர் பலர் இன்று தாமே அறுபதைக் கடந்து நிற்கின்றனர். அவர்கள் பின்னாளில் அழைத்துக்கொண்ட பெற்றோரோ எண்பதைத் தாண்டிவிட்டனர். தென்னாசிய மக்களிடையே நீரிழிவும் இருதயக் குருதிக்குழாய் நோயும் மிகுதி என்பதும், அவை சற்று இளவயதிலேயே தலைகாட்டுகின்றன என்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. எனவே இருதய சத்திரசிகிச்சை எமது சமூகத்தில் வீட்டுக்கு வீடு பேசப்படும் பொருளாகிவிட்டது.

அப்படியானால், முதியவரை உடனே எழுப்பும் வழக்கம் இரக்கமின்மையால் வந்ததா, அறிவினால் வந்ததா? விடை காண்பதற்கு நூறாண்டு கால மருத்துவ வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தல் அவசியம்.

ஆறு வாரப் படுக்கை

மேற்குலக மருத்துவமும் ஒரு காலத்தில் எம்மைப் போலவே எண்ணியது என்பதுதான் முதலில் அறியவேண்டிய செய்தி. 1863ஆம் ஆண்டில் இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹில்ரன் ஓய்வின் சிறப்புப் பற்றிய தமது விரிவுரைகளை நூலாக வெளியிட்டார். முறிந்த எலும்பும் புண்பட்ட மூட்டும் அசையாதிருந்தால் ஆறுகின்றன; ஆகவே ஓய்வே இயற்கையின் மருந்து என்ற எண்ணம் அக்காலத்து மருத்துவர்களிடம் ஆழமாக வேரூன்றியது.

இருதயத்துக்கும் இதே விதி பொருத்தப்பட்டது. 1912இல் சிக்காகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், இருதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டவர் எல்லோரும் உடனே மாண்டுவிடுவதில்லை, பிழைப்பவரும் உளர் என்று எடுத்துக்காட்டினார். மாரடைப்பு என்று நாம் இன்று கூறும் நோயை மருத்துவர்கள் தெளிவாக இனங்காணத் தொடங்கியது இதன் பின்னரே. பிழைத்தவருக்கு அவர் விதித்தது பூரண ஓய்வு. 1939இல் பொஸ்ரன் நகர ஆய்வாளர்கள் மாரடைப்பினால் பாதிக்கப்பட்ட 72 இருதயங்களைச் சோதித்து, சிறிய புண் தழும்பாக இறுகுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் செல்கின்றன என்று கண்டனர். அதிலிருந்து ஆறு வாரப் படுக்கை என்பது எழுதப்படாத சட்டமாயிற்று. நோயாளி தன் கையால் உண்ணவோ, முகச்சவரம் செய்யவோ கூடாது. புரண்டு படுக்கவும் தாதியின் துணை வேண்டும்.

இதன் விளைவு என்ன? அசையாத கால்களின் நாளங்களிலே குருதி உறைந்து, அந்த உறைவு நுரையீரலுக்குச் சென்று உயிரைக் குடித்தது. மல்லாந்து கிடந்தவரின் நெஞ்சிலே சளி தங்கி நியூமோனியா கண்டது. முதுகில் படுக்கைப்புண் தோன்றியது. தசை கரைந்தது, எலும்பு சுண்ணாம்பை இழந்தது, மலம் இறுகியது, மனம் சோர்ந்தது. இவ்வாறு மாண்டவர்களை எல்லாம் இருதயம் கொன்றது என்றே எழுதி வைத்தனர். கட்டிலும் கொல்லும் என்பது எவருக்கும் தோன்றவில்லை.

இத்தனைக்கும், நெஞ்சுவலி நோயைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே விவரித்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நாள்தோறும் அரை மணி நேரம் மரம் அரிந்துவந்த ஒரு நோயாளி ஏறக்குறைய முற்றாகக் குணமடைந்ததைக் குறித்து வைத்திருந்தார். அக்குறிப்பைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே.

கதிரை செய்த கலகம்

மாற்றம் பல திசைகளிலிருந்து வந்தது. 1899இல் சிக்காகோவைச் சேர்ந்த எமில் றீஸ் என்பவர், சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களை விரைவில் எழுந்து நடக்கவிட்டு, அதனால் தீங்கில்லை என்று எழுதினார். உலகம் செவிசாய்க்கவில்லை. இரண்டாம் உலக யுத்தமே பலருடைய கண்களைத் திறந்தது. கட்டில்களும் தாதியரும் போதாத நிலையில் நோயாளிகளை விரைவாக எழுப்ப நேர்ந்தது. எழுந்தவர்கள் கெட்டுப்போகவில்லை, மாறாக நன்றாகவே தேறினர். 1947இல் இலண்டன் மருத்துவர் றிச்சட் ஆஷர் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, படுக்கை உடலின் ஒவ்வோர் உறுப்பையும் எவ்வாறு கெடுக்கின்றது என்று வரிசைப்படுத்திக் காட்டியது. படுக்கைக்கு எதிரான குற்றப்பத்திரிகை என்றே அதனைச் சொல்லலாம்.

இருதய நோயில் இந்தப் புரட்சியை நடத்தியவர் பொஸ்ரன் மருத்துவர் சாமுவேல் லெவின். அவருடைய இளம் உதவியாளராக இருந்தவர் பேர்னாட் லவுண். மல்லாந்து படுத்திருக்கையில் கால்களிலுள்ள குருதி நெஞ்சை நோக்கித் திரும்பி நலிந்த இருதயத்தின் சுமையைக் கூட்டுகின்றது. கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தால் அச்சுமை குறையும் என்பது லெவினின் வாதம். மாரடைப்புக் கண்ட நோயாளர்களை முதல் நாட்களிலேயே தூக்கி வசதியான கைப்பிடிக் கதிரையில் அமர்த்தினர். இளம் மருத்துவர்கள் இதனைக் கொடுமை என்று எதிர்த்தனர் எனப் பிற்காலத்தில் லவுண் எழுதியுள்ளார். எமது பிள்ளைகள் இன்று கொள்ளும் கோபத்தை அன்று மருத்துவர்களே கொண்டிருந்தனர்! 1952இல் 81 நோயாளரின் அனுபவத்தை இருவரும் வெளியிட்டனர். கதிரை எவரையும் கொல்லவில்லை. நோயாளரின் முகத்தில் நம்பிக்கை திரும்பியது. லவுண் பின்னர் அணுவாயுதப் போருக்கு எதிரான மருத்துவர் இயக்கத்தை இணைந்து நிறுவினார். அவ்வியக்கத்துக்கு 1985இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது ஒரு ஜனாதிபதியின் நோய். 1955 செப்டெம்பர் 24ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் டென்வர் நகரில் மாரடைப்புக்கு ஆளானார். அவருக்கு அறுபத்தைந்து வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தன. பொஸ்ரனிலிருந்து வந்து அவரைப் பார்வையிட்ட மருத்துவர் போல் டட்லி வைற், சைக்கிள் ஓட்டத்திலும் நடையிலும் பெருவிருப்புக் கொண்டவர். ஆறு வாரக் கணக்கைக் கண்ட 1939ஆம் ஆண்டு ஆய்வில் பங்குபற்றியவரும் அவரே. நோயாளி படிப்படியாக எழுந்து தமது கடமைக்குத் திரும்பவேண்டும் என்று அவர் நாட்டுக்கு எடுத்துரைத்தார். நவம்பர் 11ஆம் நாள் வைத்தியசாலையை விட்டு வெளியேறிய ஐசனோவர், 1956இல் மீண்டும் தேர்தலில் வென்று, 1961 வரை ஆட்சி புரிந்தார். மாரடைப்பு வந்தவருடைய வாழ்வு அத்தோடு முடிந்தது என்ற எண்ணம் அன்று தகர்ந்தது.

படுக்கை செய்யும் கேட்டை அளந்தும் காட்டினர். 1966இல் டலஸ் நகரில், ஆரோக்கியமான ஐந்து இருபது வயது இளைஞர்களை மூன்று வாரங்கள் கட்டிலிலேயே கிடத்தினர். அவர்களுடைய உடலின் உழைக்கும் ஆற்றல் கால்வாசிக்கு மேல் குறைந்துபோயிற்று. முப்பது ஆண்டுகளின் பின்னர் அதே ஐவரையும் தேடிப்பிடித்துச் சோதித்தபோது வெளிப்பட்ட உண்மை வியப்பானது: முப்பது ஆண்டு முதுமை செய்த கேட்டினும், இளமையில் மூன்று வாரப் படுக்கை செய்த கேடு பெரிது. இளைஞருக்கே இக்கதி என்றால் முதியோருக்கு? 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நோயற்ற முதியோர் பத்து நாட்கள் படுத்திருந்ததில் கால்களின் தசையில் ஏறத்தாழ ஒரு கிலோவை இழந்தனர். முன்னரே மெலிந்த கால்களில் ஒரு கிலோ தசை என்பது, கழிவறைக்குத் தானே நடந்து செல்வதற்கும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பதற்கும் இடையிலான தூரம்.

முதியோரை எழுப்பிய பெண்மணி

இதற்கெல்லாம் முன்பே, முதியோருக்கென்று போராடிய ஒரு பெண் மருத்துவரை இங்கு நினைவுகூர்தல் எமது கடமை. மேற்கு இலண்டனில், இன்று எம்மவர் பலர் வாழும் ஹவுன்ஸ்லோப் பகுதியை அடுத்து ஐல்வேத் என்னும் இடத்தில் வெஸ்ற் மிடில்செக்ஸ் வைத்தியசாலை உள்ளது. 1935இல் அது, அருகிலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதியைப் பொறுப்பேற்றது. அங்கே கிடந்த 714 பேரைக் கவனிக்கும் பணி மார்ஜரி வொறன் என்ற மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாரிசவாதம் கண்டவரும், புத்தி தடுமாறியவரும், வெறுமனே முதுமையுற்றவரும் ஒரே கூடத்தில் ஆண்டுக்கணக்காகக் கட்டிலோடு கட்டிலாய்க் கிடந்தனர். இனி எழமாட்டார் என்பதே அவர்களைப் பற்றிய முடிந்த முடிவு.

வொறன் அம்மையார் ஒவ்வொருவரையும் புதிதாகச் சோதித்தார். பலருக்குக் குணப்படுத்தக்கூடிய நோயே இருந்தது. சிலருக்கு நோயே இல்லை, படுக்கை மட்டுமே இருந்தது. அவர் கூடங்களைப் பிரித்தார், வெளிச்சத்தைக் கூட்டினார், பிடித்து நடப்பதற்குக் கைபிடிகள் அமைத்தார், எழுந்து உடையணியச் செய்தார், உடற்பயிற்சி அளித்தார். பலர் நடந்தனர், வீடு திரும்பினர். 1943இலும் 1946இலும் அவர் எழுதிய கட்டுரைகளால் முதியோர் மருத்துவம் என்ற தனித்துறை பிரித்தானியாவிலே பிறந்தது. முதுமை வேறு, நோய் வேறு என்பதே அவர் உலகுக்குச் சொன்ன பாடம். "வயது போனால் இப்படித்தான்" என்று கைகழுவும் வழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேறில்லை.

நெஞ்சைத் திறந்த கைகள்

இருதயத்தைக் கத்தியால் தொடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை நினைத்தற்கும் அரியதாக இருந்தது. 1896இல் பிராங்போட் நகரில் லூட்விக் றேன் என்பவர், கத்திக்குத்துக்கு ஆளான ஓர் இளைஞனின் இருதயத்தைத் தைத்து உயிர்காத்தார். இருதயத்தையும் நுரையீரலையும் சிறிது நேரம் நிறுத்திவைத்து, அவற்றின் வேலையை இயந்திரத்தின் மூலம் செய்விக்கும் கனவு 1953 மே 6ஆம் நாள் பிலடெல்பியாவில் ஜோன் கிபனின் கையால் நனவாயிற்று. 1967இல் ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த றெனே பவலோறோ, அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில், காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு அடைபட்ட குழாய்க்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் முறையை நிலைநாட்டினார். 2002இல் பிரான்சின் றூவான் நகரில் அலன் கிறிபியே, நெஞ்சைத் திறக்காமலே குருதிக்குழாய் வழியாக இருதய வால்வைப் பொருத்திக் காட்டினார். நெஞ்சைத் திறப்பதைத் தாங்கமாட்டாத முதியோருக்கு இது பெரும் வரமாயிற்று.

தொடக்ககாலத்தில் எழுபதைத் தாண்டியோருக்கு இத்தகைய சத்திரசிகிச்சை செய்ய மருத்துவர்கள் தயங்கினர். இன்று எண்பதைக் கடந்தோரும் அதனைத் தாண்டி வருகின்றனர். இதனால் கேள்வியே மாறிப்போயிற்று. உயிர் பிழைத்தாரா என்பதோடு வெற்றி முடிவதில்லை. எழுந்து நடந்தாரா, தன் பேரப்பிள்ளையின் பெயரை நினைவில் வைத்திருக்கின்றாரா, தன் கையால் தேநீர் ஊற்றிக் குடிக்கின்றாரா என்பதிலேயே உண்மையான வெற்றி தங்கியுள்ளது.

கொப்பன்கேகன் தந்த கொடை

பெரிய சத்திரசிகிச்சை முடிந்தவரை முதலில் கொண்டுசெல்லும் இடம் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு. அது பிறந்தது எமது மக்கள் பலருக்குப் புகலிடமளித்த டென்மார்க்கில். 1952இல் கொப்பன்கேகனில் இளம்பிள்ளைவாதம் பெருந்தொற்றாகப் பரவியது. பிளெக்டம் வைத்தியசாலையில் முதல் வாரங்களில் மூச்சுத் தசைகள் செயலிழந்த 31 பேரில் 27 பேர் மாண்டனர். மயக்கமருந்து நிபுணரான பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்றூட்டலாம் என்றார். ஓகஸ்ட் 27ஆம் நாள் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வாறு காப்பாற்றப்பட்டாள். இயந்திரங்கள் போதாமையால் ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து, இரவுபகலாகக் கட்டிலருகே அமர்ந்து அப்பைகளை அமுக்கினர். மரணம் வெகுவாகக் குறைந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் இப்சன் தொடங்கிய சிகிச்சைக்கூடமே உலகின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடி எனப்படுகின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயிர்காக்கும் முதல் இயந்திரம் மனிதரின் கையாகவே இருந்தது. நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி, அவரோடு பேசியபடி அமர்ந்திருந்த ஒருவர் அங்கே இருந்தார். பின்னர் அந்த இடத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர், ஆனால் கட்டிலருகே இருந்த கதிரை வெறுமையாயிற்று.

உழவுச்சால் விலகுதல்

அதன் விலையை 1960களில் மருத்துவர்கள் கண்டனர். திறந்த இருதய சத்திரசிகிச்சை வெற்றியாக முடிந்து, முதல் நாள் தெளிவாகப் பேசிய நோயாளர் சிலர், இரண்டொரு நாளில் தாம் எங்கிருக்கின்றோம் என்பதை அறியாது தடுமாறினர். சுவரில் பூச்சி ஊர்வதாகக் கூறினர், குழாய்களைப் பிடுங்கினர், தாதியர் தம்மைக் கொல்ல வருவதாக அஞ்சினர். நியூயோர்க் ஆய்வாளர்கள் 1965இல் இதனை விரிவாக எழுதினர். உறக்கமின்மை, ஓயாத இரைச்சல், பகலும் இரவும் ஒன்றாய்த் தோன்றும் வெளிச்சம் ஆகியன இதற்குத் துணைபோகின்றன என்று அவர்கள் கருதினர். 1972இல் வெளியான ஓர் ஆய்வு, யன்னல் இல்லாத பிரிவில் இருந்த சத்திரசிகிச்சை நோயாளரில் நூற்றுக்கு 40 பேரும், யன்னல் உள்ள பிரிவில் நூற்றுக்கு 18 பேரும் இவ்வாறு தடுமாறினர் என்று காட்டியது. ஒரு யன்னல் செய்த வேலை அது!

எமது முன்னோர் இந்நிலையைச் 'சன்னி' என்றனர். மேலைநாட்டு மருத்துவர் இதற்கு வழங்கும் பெயர் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. உழவுச்சாலை விட்டு விலகுதல் என்பது அதன் மூலப்பொருள். ஏர் பிடித்த எம்மவருக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். சால் விலகிய ஏர் உடைந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. கையைக் கொடுத்து மீண்டும் சாலுக்குக் கொண்டுவருவதே உழவனின் வேலை. சன்னி என்பது பைத்தியமும் அன்று, மறதிநோயும் அன்று, பேயும் அன்று. அறுவையும் தொற்றும் மருந்தும் உறக்கமின்மையும் சேர்ந்து மூளையைச் சில நாட்கள் குழப்பும் நோய் அது. பெரும்பாலும் தெளியும். ஆயின் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. 2013இல் அமெரிக்காவில், அதிதீவிர சிகிச்சை பெற்ற 821 பேரை ஆராய்ந்ததில் நால்வரில் மூவருக்கு இது கண்டது. அது நீடித்த நாட்கள் கூடக்கூட, ஓராண்டின் பின்னரும் நினைவாற்றல் குன்றியிருந்தது. கத்திக் குழப்பம் செய்பவரிடம் மட்டுமன்றி, பேசாது சோர்ந்து கிடப்பவரிடமும் சன்னி இருக்கலாம். முதியோரிடம் இந்த அமைதியான வடிவமே எளிதில் தவறவிடப்படுகின்றது.

மருந்தால் உறங்கவைத்தலே இரக்கம் என்ற எண்ணமும் இக்காலத்தில் மாறியது. 2000ஆம் ஆண்டில் சிக்காகோ ஆய்வாளர்கள் உறக்கமருந்தை நாள்தோறும் சிறிது நேரம் நிறுத்தி நோயாளியை விழிக்கச்செய்தால், அவர் செயற்கைச் சுவாசத்திலிருந்து விரைவில் விடுபடுகின்றார் என்று காட்டினர். 2009இல் செயற்கைச் சுவாசத்தில் இருந்த 104 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தொடக்கத்திலேயே எழுப்பிப் பயிற்சி அளிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 59 பேர் வைத்தியசாலையை விட்டுச் செல்கையில் தம் வேலைகளைத் தாமே செய்தனர். ஏனையோரில் இது 35 மட்டுமே.

இன்னும் எளிய சான்று ஒன்றுண்டு. 1999இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஷரன் இனோயி, வைத்தியசாலையில் இருந்த எழுபது வயதுக்கு மேற்பட்ட 852 பேரை ஆராய்ந்தார். இன்று என்ன நாள் என்று நினைவூட்டுதல், மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் அணிவித்தல், தண்ணீர் பருக்குதல், நடக்கவைத்தல், இரவில் இரைச்சலைக் குறைத்து உறங்கவிடுதல் ஆகிய எளிய காரியங்களாலேயே சன்னி கண்டோர் நூற்றுக்கு 15 என்ற நிலையிலிருந்து 10க்குச் சற்றுக் கீழே இறங்கினர். இவற்றில் எதற்கும் மருத்துவப் பட்டம் தேவையில்லை. மகளும் மருமகனும் பேரப்பிள்ளையும் செய்யக்கூடியவையே அனைத்தும்.

எம்மவர் நிலை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்துக்கு நான்கு அங்கங்கள் உண்டு என்கின்றது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர். முதல் மூன்றையும் புகலிட நாடு எமக்குக் குறைவின்றித் தந்துள்ளது. நான்காவதை நாமே தரவேண்டும்.

ஏனெனில், எமது முதியோர் கண்விழிக்கும் இடத்தில் அவர்களுடைய மொழி இல்லை. நாள் என்ன, இடம் எது என்று தாதி டொச்சிலோ பிரெஞ்சிலோ நோர்வேஜிய மொழியிலோ கேட்டால், தெளிந்த மனத்தோடு இருப்பவரும் விழிப்பார். குழம்பிய மனத்தோடு இருப்பவரோ தாய்மொழியில் எதையோ சொல்வார். அது சரியான விடையா, பிதற்றலா என்று தாதிக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன், நோயாளியின் மொழியிலேயே மருத்துவம் நடைபெற வேண்டும் என்று கருதி, மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து நூல்களையும் தமிழாக்கினார். அந்த மண்ணிலிருந்து வந்த நாம், பிறமொழி வைத்தியசாலையில் எம் பெற்றோரை மொழியற்றவராய் விடலாகாது. சத்திரசிகிச்சைக்கான சம்மதம் பெறும்போதும் முக்கிய முடிவுகளின்போதும் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். பத்து வயதுப் பேரப்பிள்ளையின் வாயால் பாட்டனாரின் ஆபத்தை மொழிபெயர்க்கச் செய்வது முதியவருக்கும் நல்லதன்று, பிள்ளைக்கும் நல்லதன்று.

இன்னொரு துயரமும் எமக்கே உரியது. எறிகணைக்கும் விமானத்துக்கும் தப்பி வந்த முதியவரின் செவியில் இயந்திரங்களின் எச்சரிக்கை ஒலி வேறு பொருள் கொள்கின்றது. "ஆமி வருது, பங்கருக்குள்ள போங்கோ" என்று தந்தையார் நள்ளிரவில் அலறியதைப் பிள்ளைகள் எம்மிடம் கூறியதுண்டு. சீருடை அணிந்து முகக்கவசத்தோடு கட்டிலைச் சூழ்ந்து நின்றோரை அவர் யாரென்று எண்ணியிருப்பார்? மருத்துவருக்குத் தெரிவது, விளங்காத மொழியில் ஒருவர் கத்துகின்றார் என்பது மட்டுமே. உறக்கமருந்து கூடலாம், மருந்து கூட, குழப்பம் நீளலாம். அவர் என்ன சொல்கின்றார், ஏன் சொல்கின்றார் என்று எடுத்துரைக்கக்கூடியவர் குடும்பத்தவர் மட்டுமே. ஆனால் எம்மவர் சிலர், "அப்பாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊர் பேசும்" என அஞ்சி இதனை மருத்துவருக்கும் மறைக்கின்றனர். இது மறைக்கவேண்டிய வெட்கம் அன்று. உடனே தெரிவிக்கவேண்டிய நோய்க்குறி.

அவ்வேளையில் அவரோடு வாதிடல் வேண்டாம். கையைப் பற்றி, "நான் உங்கட மகள், இது ஆஸ்பத்திரி, ஒப்பரேசன் முடிஞ்சுது, ஆமி இல்லை" என்று அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொன்னாலே போதும். இருபது பேர் கூட்டமாய்ச் சென்று பார்ப்பதைவிட, ஒருவர் அல்லது இருவர் முறைவைத்து அருகிருப்பதே நன்று. இரவில் உறங்கவிடுங்கள்.

ஸ்கண்டினேவிய நாட்டுத் தாதியர் தொடக்கி வைத்த நல்ல வழக்கம் ஒன்றும் உண்டு. நினைவற்றுக் கிடக்கும் நாட்களில் என்ன நடந்தது என்று நோயாளிக்காக ஒரு நாட்குறிப்பு எழுதி, தெளிந்தபின் கையளிக்கின்றனர். ஆறு ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், அதனைப் பெற்றோரிடம் பின்னாளில் மனவடு நோய் புதிதாகத் தோன்றுவது நூற்றுக்கு 13 என்பதிலிருந்து 5 ஆகக் குறைந்தது. எமது முதியோருக்கு அதனைத் தமிழிலே எழுத, பிள்ளைகளைத் தவிர வேறு எவர் உளர்?

வீடு திரும்பிய பின்னரும் பழைய வழக்கம் காத்திருக்கும். நெஞ்செலும்பு கம்பியால் கட்டப்பட்டுள்ளது. அது பொருந்த ஏறத்தாழ மூன்று மாதம் செல்லும். அதுவரை பாரம் தூக்கலாகாது. ஆனால் பாரம் தூக்காதிருத்தல் வேறு, படுத்திருத்தல் வேறு. மருத்துவர் கூறிய அளவில் நாள்தோறும் நடக்கவேண்டும். இன்று வீட்டு வாசல்வரை, நாளை தெருமுனைவரை. பத்தியம் என்ற பெயரில் வெறுங்கஞ்சியை மட்டும் கொடுத்தால் கரைந்த தசை மீளாது; மீன், முட்டை, பருப்பு போன்றவற்றை மருத்துவரின் ஆலோசனையோடு உப்பும் எண்ணெயும் குறைத்துக் கொடுங்கள். இருதய நோயாளரின் புனர்வாழ்வுப் பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் 1960களிலேயே வலியுறுத்தியது. பல நாடுகளில் இன்று இத்தகைய வகுப்புகள் நடைபெறுகின்றன. அவற்றுக்கு மிகக் குறைவாகச் செல்வோர் பெண்களும் முதியோரும் குடிபெயர்ந்தோருமே. எமது அம்மாமார் இம்மூன்று வகையிலும் அடங்குவர். அழைப்புக் கடிதம் வந்தால் அதனை மேசையில் போட்டுவைக்காது, கூட்டிச் செல்லுங்கள். மாதக்கணக்கில் முகம் வாடி, பேச்சுக் குறைந்திருந்தால், அதனையும் வயதின் குறை என்று ஒதுக்காது மருத்துவரிடம் கூறுங்கள்.

இன்றே செய்யக்கூடிய ஒன்றைக் கூறி முடிக்கின்றோம். ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டு முதியவரைப் பற்றி நீங்கள் வாழும் நாட்டின் மொழியில் எழுதிவையுங்கள்: அவரை எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், எம்மொழி விளங்கும், எந்தக் காது கேட்கும், கண்ணாடியும் பல்செட்டும் உண்டா, என்ன மருந்து எடுக்கின்றார், எதை உண்பார், யுத்தத்தில் எதனைக் கண்டார், எந்தச் சத்தத்துக்கு அஞ்சுவார், இரவில் யாரை அழைக்கலாம். சத்திரசிகிச்சை நாளன்று அத்தாளைத் தாதியரிடம் கொடுங்கள். அவர்கள் அதனைப் படிப்பார்கள். எம்மவரின் பெயரையும் கதையையும் அறிந்துகொண்ட பின்னரே அவருடைய கையைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இறக்குவார்கள்.